சுமார்தான் சார்

தனக்கு வேண்டாத பொருளை அவர் வாய் நிறையப் புகழ்வார். எதிர்வீட்டில் புதுக் கார் வாங்கியபோது அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "கலர்னா இதுதான் கலர்" என்றார். ஆறாம் வகுப்பில் நான் வரைந்த மயிலைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு எங்கயோ போகப் போகுது சார்" என்று அப்பாவிடம் சொன்னார். காரும் மயிலும் அவருக்கு வேண்டாம். ஒரு பொருள் வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டால் அதைப் பார்த்ததும் அவர் மூக்கு லேசாகச் சுருங்கும். பிறகு வரும் ஒரே சொல், "சுமார்தான்."

எங்கள் வீட்டு அடையைச் சுமார் என்று சொல்லிக்கொண்டேதான் மூன்று அடை சாப்பிடுவார். "உறைப்பு பத்தல சிஸ்டர், பருப்பும் கொஞ்சம் கரகரன்னு இருக்கு" என்பார். அம்மா நான்காவதை வைத்தால் வேண்டாம் என்று கையை ஆட்டுவார், தட்டை நகர்த்தமாட்டார். அம்மாவுக்கு அப்போது இது வேடிக்கையாக இருந்தது. அவர் போன பிறகு அவரைப் போலவே மூக்கைச் சுருக்கி எங்களைச் சிரிக்கவைப்பாள்.

பெருங்களத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. இன்சூரன்ஸ் ஏஜென்ட். தாம்பரம் முதல் ஊரப்பாக்கம் வரை அவர் கால் படாத வீடு குறைவு. யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் கடன், யாருக்கு ஆபரேஷன், எல்லாம் அவருக்குத் தெரியும். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. வலது கைச் சுண்டுவிரலில் மட்டும் நகம் வளர்த்திருந்தார். நான் அவரை அங்கிள் என்று கூப்பிடுவேன். அப்பா அவரை சார் என்பார், அவரும் அப்பாவை சார் என்பார். இருபது வருடம் பழகியும் இருவரும் அதைத் தாண்டவில்லை.

இருவரையும் சேர்த்தது பழைய காசுகள். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். சம்பளத்தில் வீட்டுச் செலவு போக மிஞ்சியதை நாணயங்களில் போட்டார். வெள்ளி ரூபாய்கள் நிறைய இருந்தன, விக்டோரியா ராணி தலை, ஜார்ஜ் ராஜா தலை. ஆனால் அப்பாவின் உயிர் இருந்தது சின்னச் சின்னச் செப்புக் காசுகளில். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அங்கேயே அடித்தவை. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். மேலே ஒரு கிரீடம், அதற்குக் கீழே அவர்கள் ராஜாவின் பெயரெழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். எந்த ராஜா, எந்தக் காலம் என்று அந்தப் பின்னலைப் பிரித்துப் படிக்க வேண்டும். அப்பா ரயில்வே பாஸில் மாயவரம் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, கடற்கரை மணலைச் சலித்துக் காசு எடுப்பவர்களிடம் வாங்கி வருவார். திரும்பி வந்ததும் முதலில் அவருக்குத்தான் போன் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துண்டை விரித்து அப்பா ஒவ்வொரு காசாக எடுத்து வைப்பார். அங்கிள் எதிரில் உட்காருவார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஆல்பத்தைப் புரட்டுவார். அந்த ஈரம் பிளாஸ்டிக் உறையில் வட்டமாகத் தெரியும். நீள நகத்தால் காசைப் புரட்டி, லென்ஸை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்ப்பார். அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பரீட்சை ரிசல்ட் பார்க்கிற பையன் முகம் அப்படித்தான் இருக்கும்.

"சுமார்தான் சார். கிரீடம் தேஞ்சுபோச்சு."

"எழுத்து நல்லா இருக்கே சார். இங்க பாருங்க, இந்த வளைவு."

"எழுத்து இருக்கு. ஆனா இது கெடைக்கிற காசுதான். கடற்கரையில கூடையில வெச்சு விக்கறான்."

அப்பா சிரித்துக்கொண்டே காசை எடுத்து உறைக்குள் போடுவார். அவர் போன பிறகு பஞ்சை எடுத்து ஆல்பத்தில் இருந்த எச்சில் வட்டங்களைத் துடைப்பார். "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். கண்ணு அப்படி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அடுத்த மாதம் மறுபடியும் மாயவரம் போவார்.

பக்கத்துத் தெரு மேஸ்திரிக்கு முடிச்சூர் பக்கம் ஒரு கிரவுண்ட் நிலம் இருந்தது. அதை வாங்கிய புதிதில் அங்கிள் அதைப் பார்த்துவிட்டு, "பொன்னு வெளையற எடம்" என்று தோளைத் தட்டினார். பெருவெள்ளம் வந்து அந்தப் பக்கமெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நின்ற பிறகு, மகள் கல்யாணத்துக்காக மேஸ்திரி நிலத்தை விற்க முடிவு செய்தார். ஆலோசனை கேட்க எங்கள் வீட்டுக்கு வந்தார். இவரும் இருந்தார். மூக்கு சுருங்கியதை நான் பார்த்தேன்.

"இந்த ஏரிய எவன்யா வாங்குவான்? போட்ல போய் வீடு கட்டுவானா?"

"இன்னா சார், நீங்கதான நல்ல எடம்னு சொன்னீங்க?"

"அப்ப தண்ணி வரல."

இரண்டு மாதம் இப்படியே போனது. மேஸ்திரி வீட்டுக்கு நேரிலேயே போய், அவர் மனைவி காதுபட, தண்ணீர், பாம்பு, சேறு என்று பேசிவிட்டு வந்தார். கடைசியில் யாரோ ஒருவர் வந்து அடிமாட்டு விலைக்கு அதை வாங்கினார். அந்த யாரோ இவருடைய மைத்துனர் என்பது பிறகுதான் தெரிந்தது. மனையை லாரி லாரியாக மண் கொட்டி உயர்த்தினார்கள். சுற்றுச்சுவர் கட்டும் வேலையை அங்கிள் மேஸ்திரியிடமே கொடுத்தார். அதிலும் சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறைத்தார்.

"என் நெலத்துலயே எனக்குக் கூலி போட்டுக்கினு கீறாரு சார்" என்று மேஸ்திரி எங்கள் வாசலில் நின்று சிரித்தார். சிரிப்பு முடியும் முன்பே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று இரவு அம்மா அப்பாவிடம், "இந்த மனுஷன் இனிமே வீட்டுக்கு வரணுமா?" என்று கேட்டாள். அப்பா சொன்னார், "நிலம் வேற, காசு வேற. காசு விஷயத்துல அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்ல."

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிக் குரோம்பேட்டையில் படுத்திருந்தபோது எங்கள் சொந்தக்காரர்கள் வந்து ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள். இவர் தினமும் வந்தார். ஸ்கூட்டரில் இடியாப்பம் கொண்டுவந்து ஊட்டினார். அப்பாவைத் தோளில் தாங்கிக் கழிப்பறைக்கு அழைத்துப் போனார். ஒருநாள் பிளேடு கொண்டுவந்து, அப்பாவின் கால்களை மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்டினார். நர்ஸ் அவரை அப்பாவின் தம்பி என்று நினைத்திருந்தாள். அதே வாரம், அதே கட்டிலில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னதையும் நான் கேட்டேன்.

"சார், அந்தக் காசைப் பத்திக் கவலைப்படாதீங்க. பெருசா ஒண்ணும் போகாது. இருந்தாலும் சிஸ்டர் அதை வெச்சுக்கிட்டு அலைய வேணாம். நா பாத்துக்கறேன்."

அப்பாவின் கண் கலங்கியது, நன்றியால். அவர் போனதும் அம்மாவைக் கூப்பிட்டு, "அவர் வந்து ஒரு விலை சொல்வார். குடுத்துடு. எல்லாம் சாதாரணக் காசுதான், நான்தான் பைத்தியம் மாதிரி சேர்த்தேன்" என்றார். அதற்கப்புறம் அப்பா காசைப் பற்றிப் பேசவில்லை. பத்து நாளில் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் வந்தார். கையில் ஒரு கவர். ஆல்பங்களை எல்லாம் மேஜையில் பரப்பச் சொல்லி, ஏதோ சந்தையில் மிஞ்சிய காய்கறியைப் பார்ப்பது போல் புரட்டினார். கட்டைவிரல் நாக்குக்குப் போய்ப்போய் வந்தது. "மொத்தமா எழுபத்தஞ்சாயிரம் சிஸ்டர். இதுல எனக்கு நஷ்டம்தான். சாருக்காகப் பண்றேன்" என்றார். கவரை அம்மா பக்கம் தள்ளினார்.

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா சொல்லிவிட்டுப் போனது அவளுக்கு வேதவாக்கு. ஆனால் அங்கிள் மூக்கு சுருங்கி இருந்தது. நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன்.

"ஒரு வாரத்துல வெள்ளி வெல எறங்கிடும்மா" என்றார்.

"பரவால்ல அங்கிள்."

எனக்குக் காசைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஊரப்பாக்கத்தில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், அவ்வளவுதான். அப்பாவின் செப்புக் காசுகளில் எது உயர்வு, எது மட்டம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் வெள்ளிக்கு எடை உண்டு. அங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று தோன்றியது. வெள்ளி ரூபாய்களை மட்டும் துணிப்பையில் போட்டுக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டில் உள்ள அடகுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் உரைகல்லில் இரண்டு மூன்றை உரசிப் பார்த்தார். பிற்காலத்து ராஜா தலைகளைத் தனியாக ஒதுக்கினார்.

"இதுங்கள்ல பாதிதான் வெள்ளி. மிச்சதெல்லாம் நல்ல வெள்ளி. உருக்கிக் குடுக்கறீங்களா?"

"எவ்ளோ வரும்னு மட்டும் சொல்லுங்க."

கால்குலேட்டரில் தட்டி என் பக்கம் திருப்பினார். ஒரு லட்சத்தைத் தாண்டி இருந்தது. இது அடித்து நொறுக்கி உருக்கினால் வரும் விலை. இதில் ராணிக்கும் ராஜாவுக்கும் வருடத்துக்கும் மதிப்பே போடவில்லை. செப்புக் காசு ஒன்றுகூட இதில் சேரவில்லை. அந்தக் கடையில் நின்றபோது இடியாப்பம் ஊட்டிய கை ஞாபகம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆல்பங்களோடு பாரிமுனையில் மூன்று நாணயக் கடைகளுக்குப் போனேன். முதல் ஆள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு தொகை சொன்னார், அது அடகுக் கடைக் கணக்குக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டாம் ஆள் நல்ல காசுகளை மட்டும் பொறுக்கிக்கொள்கிறேன் என்றார். மூன்றாம் ஆள் மதியம் வரை உட்காரவைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, வெள்ளியைத் தனியாக, செப்பைத் தனியாகப் பிரித்தார். எதை என்ன விலைக்கு விற்க முடியும் என்று சொன்னார். "நூறு ரூபாய்க்கு விக்கற காசுக்கு எழுபது இப்பவே உங்களுக்கு, முப்பது கடைக்கு. வாடகை இருக்கு, சிலது வருஷக்கணக்கா கெடக்கும்" என்றார். மூன்று கடையில் அவர் சொன்னதற்கு மட்டும்தான் காரணம் இருந்தது. எங்கள் பங்கு மட்டுமே அங்கிள் கவரில் இருந்ததைப் போல நான்கு மடங்கு.

செப்புக் காசுகளைப் பார்த்தபோது அவர், "இது யார் சேர்த்தது?" என்று கேட்டார். அப்பா என்றேன். ஏதோ சொல்ல வந்து, வியாபாரம் ஞாபகம் வந்ததோ என்னவோ, நிறுத்திக்கொண்டார்.

ஒரு வாரம் முடிந்து அங்கிள் வந்தார். அம்மா காபியும் முறுக்கும் வைத்தாள். நான் அடகுக் கடைக் கணக்கை மட்டும் சொன்னேன். அவர் வெட்கப்படுவார், அல்லது சத்தம் போடுவார், அல்லது தெரியாமல் சொல்லிவிட்டேன் என்பார் என்று எதிர்பார்த்தேன். எதற்கும் தயாராக இருந்தேன்.

அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "சரி, அதையே போட்டுக்கலாம்" என்றார்.

"செப்புக் காசுக்கு அங்கிள்?"

"அதுக்கு ஒரு இருபது சேத்துக்குங்க."

நான் ஆல்பத்தை மூடினேன்.

"சரி, முப்பது."

காபி ஆறுவதற்குள் மூன்று தடவை ஏறிவிட்டார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. அப்பா உட்காரும் நாற்காலி, அப்பாவின் வெள்ளைத் துண்டு, அதன் மேல் முறுக்குத் தூள். எனக்கு எழுந்து போய் முகம் கழுவ வேண்டும் போல் இருந்தது.

அம்மா ஆல்பங்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள்.

"சிஸ்டர், சார் எங்கிட்டதான் குடுக்கச் சொன்னாரு. ஆஸ்பத்திரியில உங்க பொண்ணு எதிர்லதான் பேசினோம்."

"ஆமாண்ணா. உங்கள நம்பிச் சொன்னாரு" என்றாள் அம்மா. போன வாரம் அவர் வைத்துவிட்டுப் போன கவரை எடுத்து அவர் சட்டைப் பைக்குப் பக்கத்தில் நீட்டினாள். "நாங்க வேற எடத்துல குடுத்துக்கறோம்."

அவர் கோபப்படவில்லை. மிச்ச முறுக்கைச் சாப்பிட்டு, காபியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

பாரிமுனைக் கடைக்காரரிடமே கொடுத்தோம். பணத்தை அம்மா பேரில் பேங்கில் போட்டோம். அப்பா சொல்லை மீறிவிட்டோமே என்று அம்மாவுக்குக் கொஞ்ச நாள் உறுத்தியது. அப்பா படத்துக்கு விளக்கேற்றும்போது வாய்க்குள் ஏதோ சமாதானம் சொல்வாள்.

எட்டு ஒன்பது மாதம் கழித்துத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி நடந்தது. வருடா வருடம் அப்பா போவார். அம்மா ஒருமுறைகூட அவரோடு போனதில்லை. "அங்க என்னதான் பண்ணுவாங்கன்னு பாக்கணும்" என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். மணமேடை இருக்கும் இடம் வரை மேஜைகள், மேலே கண்ணாடி போட்ட மரத்தட்டுகள், ஆண்கள் கூட்டம். மூன்றாவது வரிசையில் ஒரு மேஜைக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார்.

தட்டில் இருந்தவை அப்பாவின் காசுகள். கிரீடமும் பின்னல் எழுத்துமாக, அப்பா வைத்திருந்த அதே வரிசையில். பாரிமுனைக் கடையில் எங்களுக்குக் கிடைத்ததைவிட அதிகம் கொடுத்துத்தான் வாங்கியிருப்பார். எங்கள் மேஜையில் குறைத்ததை யாரோ ஒரு கடைக்காரருக்கு முழுசாக எடுத்து வைத்திருக்கிறார். எதிரில் கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பின்னால் நாங்கள் நின்றதை அங்கிள் கவனிக்கவில்லை.

"இந்த வரிசைய சேத்தவரு எங்க ஏரியாக்காரர். ரயில்வேல இருந்தாரு. கண்ணுன்னா அதுதான் சார் கண்ணு. நான் லென்ஸ் வெச்சுப் பாத்தாலும் புரியாத எழுத்தை வெறுங்கண்ணால படிப்பாரு. ஒரு காசைக்கூட தேய்ச்சுக் கழுவிக் கெடுக்கல. இத்தனை ராஜா காலமும் விட்டுப்போகாம தனி ஆளா சேத்தவர நான் வேற எங்கயும் பாத்ததில்ல. பெரிய மனுஷன்."

அவர் மூக்கு சுருங்கவே இல்லை. விற்பதற்காகப் பேசுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதும் தெரிந்தது. குரலில் அவ்வளவு மரியாதை இருந்தது. இருபது வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் குரலில் ஒரு வாக்கியத்துக்காக அப்பா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மா முன்னால் நகர்ந்தாள்.

"வாங்க சிஸ்டர்" என்று அவர் சாதாரணமாகச் சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா உட்காரவில்லை.

"இதெல்லாம் அவருகிட்ட சொல்லியிருக்கீங்களாண்ணா?"

"எதை?"

"இப்ப இவர்கிட்ட சொன்னதை."

என்ன கேட்கிறாள் என்பது அவருக்கு நிஜமாகவே புரியவில்லை போலிருந்தது. புரிந்ததும், சின்னப் பிள்ளைக்குக் கூட்டல் கணக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்.

"அவருகிட்ட எப்படி சிஸ்டர் சொல்றது? சொல்லியிருந்தா எனக்கு எப்படிக் கெடைக்கும்?"

நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வரவில்லை. அந்த இளைஞர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, சங்கடத்தோடு, இந்தக் கடைசிக் காசு எப்படிக் கிடைத்தது என்று அவரிடம் கேட்டார். அங்கிள் உடனே இளைஞர் பக்கம் திரும்பி, அப்பாவைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தார்.

"வாம்மா போலாம்."

"நீ போ. நான் கேட்டுட்டு வரேன்" என்றாள் அம்மா.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அந்த வாயிலிருந்து அப்பா பெயர் வருவதைக் கேட்க உடம்பு கூசியது. வெளியே வந்து வாசலில் நின்றேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டுப் பஸ்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. கண்ணாடிக் கதவு வழியாக அம்மாவின் முதுகு தெரிந்தது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கடைசிக் காசுக்காக ஒரு தடவை மழையில மாட்டி ராத்திரி பூரா மாயவரம் ஸ்டேஷன்லயே படுத்துக் கெடந்தாராம் உங்கப்பா" என்றாள். "டியூட்டின்னு எங்கிட்ட சொல்லியிருக்காரு."

பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.